மேகலைக்குச் சொன்ன விலை

இரவெல்லாம் போர்த்திருந்த முகிற்போர்வையைக் கினபாலு மலை மனமில்லாமல் களைந்து, அறுவடை முடிந்து தாளடியாய்க் கிடந்த வயல்களையும், அவற்றினூடே சோம்பல் முறித்தபடி நெளிந்தோடும் ஆற்றையும் எட்டிப் பார்க்கும் இளங்காலைப் பொழுதில், நயமறிந்த அன்பரே, ஆற்றங்கரைச் சந்தை தன் ஆயிரம் வாய்களையும் ஒருங்கே திறந்திருந்தது. இஞ்சிக் குவியலின் மணமும், புகையிலையின் காரமும், எருமைகளின் பெருமூச்சும் ஒன்றோடொன்று முட்டி மோத, பொருளைப் புகழ்வோர் பொய்யும் பழிப்போர் பொய்யும் தராசின் இரு தட்டுகளெனச் சமன் செய்துகொண்டிருந்தன.

அச்சந்தையின் ஓரத்தில், தட்டான் ஒருவன் முன்னே குந்தியிருந்தாள் கலுமின். கணவன் கம்புல் கண்மூடி, இறந்தோரின் ஆவிகள் உறையும் கினபாலு உச்சியில் குடிபுகுந்த நாள்முதல், பொன்னிழை ஓரம் வைத்த கரும்பட்டு ஆடையையும், இடையைச் சுற்றும் பித்தளை வளையங்களையும், கொண்டை ஊசிகளையும் பெட்டிக்குள் துயிலவிட்டிருந்தவள், நாத்தி சுவாலிமின் நச்சரிப்புக்கு இணங்கி, இவ்வாண்டு அறுவடைத் திருநாளிலேனும் ஆடுவோமோ மாட்டோமோ என்று ஊசலாடியபடி, கொக்கி தளர்ந்த தன் வெள்ளிக்காசு மேகலையைச் செப்பனிடக் கொணர்ந்திருந்தாள். காசு ஒவ்வொன்றும் கம்புல் தேடிப் பிடித்துச் சேர்த்தது. கொக்கி ஒவ்வொன்றும் அவன் விரல் வளைத்தது. தன் உயிரை விற்றாலும் அதை விற்பதில்லை என்பது அவள் உறுதி.

தட்டான் கொக்கியை முறுக்கி முடித்த வேளையில், மேகலையின்மேல் நிழலொன்று விழுந்தது. நிழலுக்குரியவன் மஜங்கிம், அக்கரையில் எருமை வளர்ப்பவன், மனைவியை இழந்தவன்.

"இது என்ன விலைம்மா?"

"விக்கிறதுக்கில்லைங்க."

விற்பதற்கில்லை என்ற சொல்லை, விலையை ஏற்று என்று கேட்கும் செவி படைத்தவர்கள் சந்தைக்காரர்கள். மஜங்கிமும் அக்குலத்தவனே.

"ஒரு எருமை தர்றேன். நல்ல சினை எருமை."

"எருமைய இடுப்புல கட்டிக்கிட்டா நான் ஆடுவேன்?"

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. வெற்றிலைக் கூடைகளை விட்டுவிட்டுக் கூட்டம் நெருங்கிற்று. கூட்டம் கூடினால் தோற்க மனம் வருமோ? மஜங்கிமின் குரல் உயர்ந்தது.

"எருமையோட எங்க பாட்டன் காலத்துச் சாடியும் தர்றேன்!"

"உங்க சாடியில நீங்களே அரிசிக்கள்ளு ஊத்திக் குடிங்க."

"அதோட எங்க வீட்டுப் பெரிய சேகண்டியும்! இப்ப என்ன சொல்றே?"

சேவல்கள் கூவுவதை நிறுத்தவில்லையேயன்றி, மற்றனைத்தும் நின்றன. மென்ற வாய்கள் மென்றபடியே உறைந்தன. எருமையும் சாடியும் சேகண்டியும் அவ்வரிசையிற் கூடினால், அது எப்பொருளுக்கும் விலையன்று. பெண் கேட்டு வருவோன் சொல்லும் பரிசம்.

சுவாலிம் கைகொட்டிக் குதித்தாள். "அண்ணி! இவரு மேகலைய மட்டுமா கேக்குறாரு? இடுப்பையும் சேத்தில்ல கேக்குறாரு!"

மஜங்கிமின் முகம் வெற்றிலைச் சாறாய்ச் சிவந்தது. ஊரறியச் சொன்ன பரிசத்தில் நின்றாக வேண்டும். இன்றேல், அப்பெண்ணுக்கு நேர்ந்த மானக்கேட்டால் ஊருக்கும் பயிருக்கும் ஏறுமென அவ்வூரார் அஞ்சும் சூடு தணிய, பன்றியொன்றைத் தண்டமாக அறுத்தாக வேண்டும்.

"பன்னியா, பரிசமா? சீக்கிரம் சொல்லுங்க மாமா, அடுப்பு மூட்டணும்," என்றாள் சுவாலிம்.

"தாயே, வாய் தவறிப்போச்சு," என்றான் அவன், குரல் தாழ்ந்து. "எம்பொண்ணு இந்த வருசந்தான் முதல்ல ஆடப்போறா. உடுப்பெல்லாம் இருக்கு. அவ அம்மாவோட மேகலைய மட்டும் வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. வெறும் இடுப்போட எப்படி அனுப்புறது? அதான் கண்ணை மறைச்சிடுச்சு."

கலுமின் குந்தியிருந்த இடம்விட்டு எழுந்தாள். பின், "எங்க அந்தப் பொண்ணு?" என்றாள்.

தந்தையின் முதுகுக்குப் பின்னே வெட்கி நின்றவளை, இந்தாங் என்னும் அவ்விளங்கொடியை, முன்னே இழுத்தனர். அவள் மெல்லிடையைக் கண்ணால் அளந்த கலுமின், மேகலையை எடுத்து இருகையாலும் சுற்றினாள். கம்புல் வளைத்த கொக்கியை மாட்டப் போகையில் மட்டும் அவள் விரல் சற்றே தயங்கிற்று. பின் அதை இறுக்கி மாட்டிற்று.

"என்ன விலை தரட்டும்?" என்றான் மஜங்கிம், ஒன்றும் விளங்காதவனாய்.

"மகளுக்குக் கட்டிவிட்டா யாராவது விலை கேப்பாங்களா?"

மகள் என்ற அச்சொல் கூட்டத்தின்மேல் மெல்லப் படிந்தது. எல்லோர்க்கும் விளங்கிற்று, எருமைகளோடு பழகிய மஜங்கிமுக்கு மட்டும் எருமையின் நடையிலேயே விளங்கிற்று. விளங்கிய மாத்திரத்தில், தலைத்துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"போச்சு, பரிசம் முடிவாயிருச்சு, பன்னி தப்பிச்சிருச்சு," என்று பெருமூச்செறிந்தாள் சுவாலிம்.

திருநாள் வந்தது. சேகண்டிகள் முழங்க, கரும்பட்டு உடுத்த மங்கையர் பறவைச் சிறகென இருகை விரித்து ஆட, கலுமின் முதன்முறையாகக் காண்போர் வரிசையில் நின்றாள். அத்துணை ஓசையையும் ஊடறுத்து, நனைந்த கூழாங்கற்களின்மேல் ஓடும் நீரென, வெள்ளிக்காசுகளின் மெல்லொலி அவளை வந்தடைந்தது. ஆயிரம்பேர் ஆடினாலும் கண்ணை மூடிக்கொண்டே உன்னைக் கண்டுபிடிப்பேன் என்று கம்புல் சொல்லும்போதெல்லாம், கள் பேசுகிறதென்று நகைத்தவள் அவள். ஆடுபவள் செவிக்குத் தன் மூச்சும் அடியுமே கேட்கும். அணிந்திருந்த காலமெல்லாம் அவ்வொலியை அவள் கேட்டதேயில்லை. இன்று கேட்டாள். தன்னை அவன் எவ்வாறு கேட்டிருந்தான் என்பதையும் கேட்டாள். அணிகலன் அணிந்தவரோடு முடிவதில்லை, அன்பரே; கைவிட்டுப் போன பின்னரே அது தன் முழுப்பொருளையும் சொல்லத் தொடங்குகிறது. கலுமின் கண்களை மூடிக்கொண்டு நின்றாள், ஆட்டம் ஓயும்வரை.