வாய் திறக்காத சிப்பாய்

சாம்பியன் ரீப்ஸிலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நரேஷும் சுமாவும். ஒரு வருஷமாக எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து எல்லாம் பேசியாகிவிட்டது. மனதில் இருப்பதைச் சொல்ல மட்டும் நரேஷுக்கு நாக்கு எழவில்லை. ராபர்ட்சன்பேட்டை ஹால் ஒன்றில் ஞாயிறு மதியம் ஆபெரா என்ற இத்தாலியப் பாட்டு நாடகத்தைத் திரையிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டான். காதல் கதைதானே, இடைவேளையில் சொல்லிவிடலாம் என்று அவளை அழைத்தான்.

சுமா வந்தாள். கூடவே அவள் அம்மா பார்வதம்மாவும் வந்து, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் நடந்ததை அப்படியே படமெடுத்திருந்தார்கள். பாடுகிறவளின் கழுத்து நரம்புகூடத் தெரிந்தது. தையல்காரப் பெண்ணைக் காதலித்த சிப்பாய் ஒருவன், அதைச் சொல்லாமலே போருக்குப் போகிறான். அவன் செத்துவிட்டதாக வந்த பொய்ச் சேதியை நம்பி அவள் விஷம் குடிக்கிறாள். கீழே ஓடிய ஆங்கில வரிகளை நரேஷ் பார்வதம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். இடைவேளையில் அவர் அவனை டீ வாங்கிவர அனுப்பினார். சுமா கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள்.

விஷம் குடித்தவளுக்கு இவ்வளவு தம் எங்கிருந்து வருகிறது என்று பார்வதம்மா முதலில் ஆச்சரியப்பட்டார். சிப்பாய் ஓடிவர, அவள் அவன் மடியிலேயே உயிரை விட்டதும், முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னா? ஒரு பொண்ணு அநியாயமா போயிட்டா பாரு.”

நரேஷுக்கு என்ன ஆயிற்றோ, “ஆன்ட்டி, எனக்கு சுமாவ ரொம்பப் புடிச்சிருக்கு. கட்டிக்கணும்னு ஆச” என்றான்.

திரையில் செத்தவள் எழுந்துவந்து கும்பிட்டாள். இத்தாலிக்காரர்கள் கைதட்டினார்கள். பார்வதம்மா நரேஷையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட சொல்லாம எங்கம்மாகிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள் சுமா.

நரேஷ் எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி மறுபடியும் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். தீபாவளியிலிருந்தே காத்திருப்பதாகவும், இனிமேல் சொல்லமாட்டான் என்று நினைத்ததாகவும் சொன்னாள்.

அவன் வீட்டுப் பெரியவர்களை அடுத்த ஞாயிறு வரச் சொல்லும்படி பார்வதம்மா சொல்லிவிட்டார். பிறகு ஆட்டோ பிடித்து, ஆட்டோக்காரரிடம் அந்தத் தையல்காரப் பெண்ணின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். வீடு வரும்வரை கதை ஓடியது. பக்கத்தில் இருந்த இருவருக்கும் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.