கதிர் தள்ளிய கார்

கதிருக்கு லாரிதான் சோறு போட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். அதனால்தான், அவன் அக்கா பொற்கொடி புதிதாக வாங்கி ஓட்டிவந்த ஹைப்ரிட் கார் துடியலூர் சிக்னலில் பொசுக்கென்று அடங்கியதும் அவன் காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். உடுமலைப்பேட்டையில் சித்தி பேரனுக்குக் காதுகுத்து. போயாக வேண்டும்.

“அக்கா, வண்டி ஆஃப் ஆயிப்போச்சுங்க்கா!”

“ஆமாண்டா கண்ணு,” என்றாள் அவள், நிதானமாக.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. அவள் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் கதிர் குதித்து இறங்கிவிட்டான். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய் முட்டுக்கொடுத்தான். வண்டி நகர்ந்தது. தன் தோள்பலத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. இன்னொரு தள்ளு தள்ளினான். கார் சத்தமே இல்லாமல் அவன் கையை விட்டு நழுவிப் போய், ஒரு பேக்கரி முன்னால் ஓரங்கட்டியது.

மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினான். பொற்கொடிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“நல்லாத் தள்ளுனடா. உடுமலை வரைக்கும் இப்புடியே வாரயா?”

“சிரிக்காதீங்க்கா. எஞ்சினே ஓடல, அப்பறம் எப்புடிப் போச்சு?”

“உள்ள கரண்டு மோட்டார் ஒண்ணு இருக்குதுடா. கெளம்பறதுக்கு அது போதும். வேகம் புடிச்சா எஞ்சின் தானா எந்திரிச்சுக்கும். மேடு வந்தா ரெண்டுஞ் சேந்து இழுக்கும். சிக்னல்ல சும்மா நிக்கறப்ப அது எதுக்குப் பெட்ரோல் குடிக்கோணும்?”

“பேட்டரிக்கு ஊட்ல ஒயர் போட்டு சார்ஜ் ஏத்தோணுமா?”

“இந்த வண்டிக்கு வேண்டாம். பிரேக் புடிச்சா சக்கரம் மோட்டாரைச் சுத்தும். அதுல வர்ற கரண்டு பேட்டரிக்குப் போயிரும். பத்தலைன்னா எஞ்சின் ஏத்திக்கும்.”

பொள்ளாச்சி தாண்டியதும், “நான் ஓட்டறனுங்க்கா” என்று கதிர் சாவியைக் கேட்டான். அப்புறம்தான் ஆரம்பித்தது கூத்து. பேட்டரி நிரம்பட்டும் என்று கண்ட இடத்திலெல்லாம் பிரேக்கை மிதித்தான். பொற்கொடி தலை முன்னும் பின்னும் ஆடியது.

“அடேய், பேட்டரி ரொம்பறதுக்குள்ள என்ற கழுத்து கழண்டுரும்! ஓங்கி மிதிச்சா பிரேக் கட்டைதான் சூடாகும், கரண்டு வராது. தூரத்துலயே பாத்து மெதுவா அமுத்து.”

மெதுவாக அமுத்தினான். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த திரையில் பேட்டரிக் கோடு ஒன்று கூடியது. கதிர் முகம் மலர்ந்துபோனது. அதற்குமேல் அவனுக்கு அவசரமே இல்லை. மாட்டுவண்டி கூட முந்திக்கொண்டு போயிருக்கும். வேகத்தடையைப் பார்த்தால் விருந்தாளியைப் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டான். பொற்கொடியும் தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி வந்தாள்.

உடுமலை போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுது முடித்து, காதில் புதுத் தோட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. சித்தி இடுப்பில் கை வைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

“ஏஞ்சாமி, இத்தன நேரமா?”

“பேட்டரி முக்கால்வாசி ரொம்பிப்போச்சுங்க சித்தி!” என்றான் கதிர், பூரிப்போடு.

சித்தி பொற்கொடியைப் பார்த்தாள். “வவுறு ரொம்ப வேண்டாமா? மொதல்ல கையக் கழுவச் சொல்லு அம்மணி.”