ஏப்பத்துக்கு ஒரு வரி

கோபன்ஹேகனில், டென்மார்க் பாராளுமன்றச் சிற்றுண்டிச்சாலையில் கறுப்பு ரொட்டியின் மேல் ஊறவைத்த மீனை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் உறுப்பினர் கிரெஸ்தன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மாட்டு ஏப்பத்துக்கு வரி போடும் சட்டம் மேலே சபையில் வாக்கெடுப்புக்கு வரப்போகிறது. சிரிக்காதீர்கள். மாட்டின் ஏப்பத்தில் வரும் வாயு புகைபோக்கிப் புகையைவிடப் பொல்லாதது. பூமியைச் சூடாக்குகிறவன் யாரானாலும் அதற்கு விலை கொடுக்கட்டும் என்பதுதான் சட்டம்.

அதை எதிர்த்து வாய் வலிக்கப் பேசியவர் கிரெஸ்தன். நாட்டின் மேற்குக் கடற்கரையில், ரீபெ ஊர்ப் பக்கம் அவருக்கே ஒரு கொட்டகை நிறையக் கறவை மாடுகள். ஆனாலும் இன்று அவர் உள்ளே போகக் கூடாது. சட்டத்தை ஆதரிக்கும் உறுப்பினர் ஓலுஃப் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒரு பக்கத்தில் ஒருவர் வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தானும் வெளியே நிற்பது அந்தச் சபையின் வழக்கம். கையெழுத்தெல்லாம் கிடையாது, வாய்ச்சொல்தான். சட்டத்தைக் கொண்டுவந்த சிசெல் கேட்டபோது, "ஓலுஃபுக்காக நான் நிக்கறேன்" என்று கிரெஸ்தன் சொல்லிவிட்டார்.

"டேய், இன்னும் மீனையே முறைச்சிட்டு இருக்கியா?"

பிர்கர் வந்து எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு. இப்போது பெரிய இறைச்சிக் கம்பெனிக்குத் தலைவர்.

"நீ ஒருத்தன் உள்ள போய் 'வேண்டாம்'னு சிவப்புப் பொத்தானை அமுக்கினா ரெண்டு பக்கமும் சமம். சமமானா சட்டம் குப்பைத்தொட்டிக்கு!"

"சொல் குடுத்திருக்கேன்டா."

"சொல்லு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுமா? அடுத்த வருஷம் எங்க நிர்வாகக் குழுவுல உனக்கு நாற்காலி. காரு தனி. உன் மாட்டைக் காப்பாத்திக்கோடா, மடையா!"

கிரெஸ்தனுக்குச் சபலம் தட்டியது. தட்டவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாடு என்றதும் போன இலையுதிர்காலப் புயல் நினைவுக்கு வந்துவிட்டது. பூமி சூடேறி மட்டம் உயர்ந்திருந்த கடல் கரையணையைத் தாண்டி வந்தது. மாடுகள் வயிறு வரைக்கும் உப்புத் தண்ணீரில் நின்று கதறின. அவரும் மனைவி மாரெனும் டிராக்டரோடு போராடியும் கன்றுகளைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று காற்றைத் திட்டினார், அணை கட்டினவனைத் திட்டினார். தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

"என் கன்னுக்குட்டிங்க செத்துச்சே, அதுக்கு யார்டா பொறுப்பு?"

"கடல் செஞ்சதுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று பிர்கர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கிரெஸ்தனுக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்றுவரை அவரும் இதையேதானே மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்!

வாக்கெடுப்பு மணி அடித்தது. கிரெஸ்தன் எழுந்து படியேறினார்.

"அப்படி வாடா வழிக்கு!" என்று முதுகில் தட்டிவிட்டு, பிர்கர் பார்வையாளர் மாடத்துக்கு ஓடினார்.

சபை வாசலில் சிசெல் வழிமறித்தார்.

"கிரெஸ்தன்! வாக்கு குடுத்தீங்களே! இனிமே ஓலுஃப் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

அவர் நேரே தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

வாக்குப் பலகையில் அவர் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. உடனே எழுந்ததே ஓர் ஆரவாரம்! சட்டம் நிறைவேறிவிட்டது. அழுகையும் சிரிப்புமாக ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார் சிசெல். "மன்னிச்சுடுங்க, தப்பா நெனச்சிட்டேன்!" கிரெஸ்தனுக்கும் கண் கலங்கியது. புயலுக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு லேசானது.

வெளியே பிர்கர் கொதித்துக்கொண்டு நின்றார். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியேடா! இனிமே நீயும்தானே வரி கட்டணும்?"

"நான் முன்னாடியே கட்டிட்டேன்டா, பிர்கர். கடல் வீட்டுக்கே வந்து வசூல் பண்ணிட்டுப் போச்சு. அதுகிட்ட பேரம் பேச முடியாது, தவணை கேக்க முடியாது. நாம கெடுத்ததுக்கு நாமதான் விலை குடுக்கணும். நாம குடுக்கலேன்னா, ஒரு பாவமும் அறியாத உயிர் குடுக்கும்!"