இழுத்துக் கட்டிய குழாய்

நாளைக்கு அந்தக் குழாய்க்குக் கீழே நிற்கப்போவது தன் தம்பிதான் என்பது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஃபிட்டருக்கு உறைத்தது. கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"ஏங்க, தட்டையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"தம்பிக்குப் புது பாய்லர் பக்கமா வேலை?"

"ஆமா. 'எங்கண்ணன் வாங்கிக் குடுத்த வேலை'ன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு."

புது பாய்லரின் நீராவிக் குழாயில் கடைசி இணைப்பு நேராக வரவில்லை. நாலு விரற்கடை விலகி நின்றது. வேறு துண்டு வெட்டிப் போட நேரம் பிடிக்கும். சூப்பர்வைசரோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். இவர் சங்கிலியை மாட்டி இழுத்துப் பிடித்தார், வெல்டர் பற்றவைத்தார், வேலை முடிந்தது. பற்றவைத்த இடத்தைச் சோதிக்க எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பொட்டுக் குறை இல்லை. எப்படி இருக்கும்? எக்ஸ்ரே ஓட்டையைக் காட்டும். இழுத்த இழுப்பை எந்தப் படம் காட்டும்? சங்கிலியைக் கழற்றினாலும் அந்த இழுப்பு இரும்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலே சூடும் அழுத்தமும் ஏறினால் சும்மா இருக்குமா?

சொன்னால் வேலை போய்விடும். வேறு யாருடைய தம்பியோ அங்கே நின்றால் இந்தச் சோறு இறங்கியிருக்கும் இல்லையா என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

காலையில் போய்ச் சொன்னார்.

"எக்ஸ்ரேயே சுத்தமா இருக்கு. இப்ப வந்து குட்டையைக் குழப்பாதீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அறுத்துப் பாருங்க சார். ரெண்டு முனையும் விலகலேன்னா நானே வேலையை விட்டுப் போயிடறேன்."

சுற்றி நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. இனி மூடி மறைக்க வழியில்லை. சூப்பர்வைசர் வேண்டாவெறுப்பாக அறுக்கச் சொன்னார். முக்கால்வாசி அறுபட்டதும் மீதியைக் குழாயே பிய்த்துக்கொண்டது. முனை எகிறிப் போய்ப் பக்கத்துத் தூணில் மோதிய சத்தத்தில் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"நல்லவேளைண்ணே" என்று தம்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்படி இழுத்துக் கட்டினது இது ஒண்ணுதானா?"

ஃபிட்டரின் கண் தானாகவே அடுத்த கூடத்துக்குப் போனது. அங்கே பழைய பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையால் பூட்டிய குழாய்களுக்குக் கீழே, அப்போதுதான் வேலைக்கு வந்தவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.