பட்டன் ரூம்

இந்த மேனேஜர் நாற்காலியைக் காட்டினால் யாருக்கோ வேலை போகப்போகிறது. மற்ற நாளெல்லாம் நிற்க வைத்துத்தானே பேசுவான். இன்றைக்கு யார் தலை?

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"அந்த டீ-ஷர்ட் லாட் முழுசா திரும்பி வந்துடுச்சும்மா. கையெல்லாம் குட்டை. மேல கேக்கறாங்க," என்றார் மேனேஜர். "கட்டிங்ல இருக்கற அம்மாவை அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ சொன்னாதான் பக்குவமா இருக்கும்."

பக்குவம். சூப்பர்வைசராகி அவள் சம்பாதித்த ஒரே நல்ல பெயர் அது. எல்லோர் முன்னாலும் யாரையும் அவள் அனுப்பியதில்லை. பட்டன் பெட்டிகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வீட்டு நிலவரம் விசாரித்து, பிறகுதான் சொல்வாள். போகிறவர்கள் அவளுக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் மயிலிறகு. இப்போதெல்லாம் சும்மா பட்டன் எடுத்துவரச் சொன்னாலே, "ஐயோ அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று நெஞ்சில் கைவைத்துச் சிரிக்கிறார்கள். அதில் பாதிதான் சிரிப்பு.

கட்டிங்கில் துணி வெட்டுகிற அக்கா அந்த லாட்டை வெட்டும் முன்பே சொன்னாள். "பின்னல் துணிம்மா. விரிச்சுப்போட்டு ஒரு ராத்திரி ஆற விடணும். இப்பவே வெட்டினா அப்புறம் சுருங்கிடும்."

இவள்தான் மேனேஜரின் இந்த அறைக்கு ஓடிவந்து கேட்டாள். "ஆற வைக்க அது என்ன பாலா? வெட்டச் சொல்லு," என்றார் மேனேஜர். திரும்பிப் போய், "வெட்டுங்கக்கா, நான் பாத்துக்கறேன்," என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா துணியில் கைவைத்தாள்.

"நீங்கதான் சார் வெட்டச் சொன்னீங்க."

"உங்கிட்ட சொன்னேன். அவங்ககிட்ட சொன்னது நீ." அவர் குரல் உயரவே இல்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு? நீ ஒருத்திதானே சம்பாதிக்கறே? யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். நான் உன்னைத்தான் காப்பாத்தப் பாக்கறேன்."

வீட்டை விசாரித்துவிட்டுக் கழுத்தில் கைவைப்பது. அவளுடைய வித்தையை அவளிடமே காட்டுகிறார். இத்தனை நாள் அதை இரக்கம் என்று நினைத்திருந்தாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்கும்போதுதான் அது என்னவென்று புரிகிறது.

"தப்பு தன்னோடதுதான்னு அவங்க வாயாலேயே ஒத்துக்கற மாதிரி பேசு. உனக்குத் தெரியாததா?"

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க சார்."

"நானா? எந்த அம்மா அது, கண்ணாடி போட்டிருப்பாங்களே, அவங்களா?"

"அவங்க பேக்கிங் சார்."

மேனேஜர் முகம் கறுத்தது. "அப்ப போறது நீயாத்தான் இருக்கும்."

கணவனின் இருமல் ஒரு கணம் அவள் காதுக்குள் கேட்டது. எழுந்து நின்றாள்.

"சரி சார், நானே போறேன்," என்றாள் மெதுவாக. "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்."