அதிகம் பார்த்தவை

சுகன்யாவுக்கு ராஜாமணியைப் பார்த்தாலே குமட்டும். காலையில் கடை திறந்ததும் மசால்வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, முந்தின நாள் விபத்துப் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். எண்ணெய் விரலால் ஒன்றைப் பெரிதாக்கி, "இது நல்லா கீது, இத போடலாம்" என்பார். நல்லா கீது என்றால் ரத்தம் தெளிவாகத் தெரிகிறது என்று அர்த்தம். "மொகத்த மட்டும் லேசா மங்கலாக்கிடுவன்மா. ரொம்ப மங்கலாக்கினா எவன் பாப்பான்?" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு.

வில்லியனூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை அவருடையது. பிறந்தநாளோ கண்ணீர் அஞ்சலியோ, சுற்று வட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். கடையோடு சேர்த்துக் ‘கொம்யூன் சேதி’ என்று, கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களின் செய்திக்கு ஒரு வலைப்பூவும் நடத்தினார். கணினி படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த சுகன்யாவை அதற்காகத்தான் வேலைக்கு வைத்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வலைப்பூவின் ஓரத்தில் எல்லாச் சேதியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெல் விலையைப் பார்க்க நாலு சாவைத் தாண்டிப் போக வேண்டும். சுகன்யா அத்தனையையும் சுருட்டி ஒரே பெட்டிக்குள் போட்டாள். பெட்டியின் தலையில் நான்கு பொத்தான்கள். புதுசு, துக்கம், விசேஷம், அதிகம் பார்த்தவை. ஒன்றைத் தொட்டால் அது திறக்கும், மற்ற மூன்றும் மறைந்துகொள்ளும். கேட்பதற்கு என்னமோ சின்ன வேலைதான். செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஒன்றைத் தொட்டால் இரண்டு திறந்தது. கைப்பேசியில் பார்த்தால் பெட்டி அடியில் எங்கேயோ போய் விழுந்து கிடந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரி செய்து, பெட்டியை மேலே ஏற்றி, அது ஒழுங்காக மாறத் தொடங்கிய நாளில் பஸ்ஸில் வீடு போகும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் கைப்பேசியிலும் திறந்து காட்டினாள். அம்மா விஜயராணி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திவிட்டு, "பரவால்லியே" என்றாள். அன்றைக்குச் சுகன்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ராஜாமணி ஒரு மாற்றம் கேட்டார். திறந்ததும் ‘புதுசு’ வரக் கூடாதாம், ‘அதிகம் பார்த்தவை’ வர வேண்டுமாம். ஒரே ஒரு சொல்லை மாற்றும் வேலை. அவளும் மாற்றிக் கொடுத்தாள்.

பக்கிரி செத்தது அதற்குப் பிறகு. கரும்பு வெட்டு நடக்கும் மாதம். பின்விளக்கே இல்லாமல் சாலையோரம் நின்ற கரும்பு டிராக்டர்மேல், பொழுது சாயும் நேரத்தில் டிவிஎஸ்ஸைக் கொண்டுபோய் மோதிவிட்டார். பாகூர் பக்கத்தில் சுகன்யா இருந்த தெருவில் அடுத்த வீட்டுக்காரர். அவளுக்குச் சித்தப்பா முறை. சுகன்யா மறுநாளே ராஜாமணியிடம் சொன்னாள்.

"சார், அவரு எங்க சித்தப்பா. சேதி போட்டுக்குங்க, படம் மட்டும் வாணாம் சார்."

"சேச்சே, போடுவனாமா?" என்றார் ராஜாமணி.

விபத்துப் படங்களை அவரேதான் ஏற்றுவார், அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் வழக்கம் சுகன்யாவுக்கு இல்லை. அவர் சொன்னதை நம்பினாள்.

கருமாதிக்குப் பந்தல் போட்டார்கள். தெருமுனையில் பக்கிரியின் சிரித்த முகத்தோடு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். பக்கிரியின் மனைவி அம்சவள்ளியின் தம்பி இளங்கோ ராஜாமணியிடம் அடித்துக்கொண்டு வந்தது. அதன் மூலையில் கறுப்புக் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. அதைக் கைப்பேசியால் பிடித்தால் கொம்யூன் சேதி திறக்கும். துக்கம் என்கிற பொத்தானைத் தொட்டு, பக்கிரியின் படத்துக்கு இருந்த இடத்திலிருந்தே பூப் போடலாம். ராஜாமணியின் யோசனைதான் இதுவும். வெளியூர் சொந்தங்களுக்கு வசதி என்று இளங்கோவின் தலையில் கட்டிவிட்டார். அதையே பந்தல் கம்பத்திலும் ஒரு தாளில் ஒட்டியிருந்தான் இளங்கோ.

படையல் முடிந்ததும் பக்கிரியின் மகள் விஜயகுமாரியைக் கூப்பிட்டான். பத்தாவது படிக்கிற பெண்.

"மொதல்ல நீ பூ போடு பாப்பா. அப்புறம் மத்தவங்க போடட்டும்."

அவள் மாமனின் கைப்பேசியை வாங்கிக் கம்பத்தில் காட்டினாள். பெட்டி திறந்தது. திறந்ததும் வருவது எது என்று சுகன்யாவுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. எழுந்து ஓடுவதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். ‘அதிகம் பார்த்தவை’யில் முதல் இடத்தில் அவள் அப்பா சாலையில் கிடந்தார். முகம் லேசாக மங்கலாக்கப்பட்டிருந்தது. சட்டை அவள் பொங்கலுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

விஜயகுமாரி அழவில்லை. கைப்பேசியைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பூப் போடக் காத்திருந்தவர்களின் பத்துப் பதினைந்து கைப்பேசிகளில் அதே படம் திறந்திருந்தது. சிலர் அவசரமாக அணைத்தார்கள். சிலர் நன்றாகப் பார்த்துவிட்டு அணைத்தார்கள். சுகன்யாவின் அம்மா விஜயராணி அம்சவள்ளியைக் கட்டிக்கொண்டு, "எந்தப் பாவி இத போட்டான்? அவன் வூட்ல எழவு வுழ. இத பாக்குறவன் கண்ணு அவிஞ்சி போவ" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

மறுநாள் காலை விஜயகுமாரி பள்ளிக்கூடம் போகவில்லை. பரீட்சை நெருங்கியிருந்தும், எல்லாரும் பார்த்திருப்பாங்க, இனிமே போகவே மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அம்சவள்ளி வாசலில் வந்து நின்று, "நீ வேல செய்ற எடம்தான சுகன்யா. எப்பிடியாவது அத எடுத்துடுமா. எம் பொண்ணு படிப்பு போயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சுகன்யாவுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கடையில் ராஜாமணி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"படம் போட மாட்டன்னு சொன்னீங்களே சார்."

"நான் போடலன்னா வேற எவனாச்சும் போடுவான்."

"அவர் பொண்ணு பாத்துட்டா சார். கருமாதில வெச்சி."

"த்சொ த்சொ" என்றார். குச்சியில் வந்ததைப் பார்த்துவிட்டுத் துப்பினார். "அதுக்கு நான் இன்னாமா செய்ய? நானா அத மொதல்ல தூக்கி வெச்சன்? நீ செஞ்ச பொட்டி. அதுவா எண்ணுது, அதுவா மேல ஏத்துது. ஜனங்க பாக்குறாங்க, வருது. நெல் விலைய பாக்கச் சொல்லு, நெல் விலை வந்துட்டு போவுது."

"நான் அத எடுத்துடுறன் சார்."

"கைய வெச்சி பாரு. நேத்திக்கு மட்டும் எவ்ளோ கூட்டம் தெரியுமா அதுக்கு?"

வாசலில் யாரோ பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்கு வந்து நின்றார்கள். அவர் சிரித்த முகத்தோடு எழுந்து போனார். சுகன்யா உட்கார்ந்து பக்கிரியின் பக்கத்தை அழித்தாள். பட்டியலில் அடுத்தது மேலே வந்தது. திருக்கனூர் சாலையில் பஸ்ஸில் அடிபட்ட ஒரு பெண். அதை அழித்தாள். ஏரியில் மிதந்த, பேர் தெரியாத ஒரு பெரியவர் வந்தார். அவரையும் அழித்தாள். தூக்கில் தொங்கிய ஒருவன் வந்தான். இறைக்க இறைக்கக் கிணறு ஊறுவதுபோல வந்துகொண்டே இருந்தார்கள். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்கு அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட பக்கம் கண்ணிலேயே படவில்லை. இவ்வளவு பிணத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பொத்தானுக்கு வளைந்த ஓரமும் நீல நிறமும் வைத்தோம் என்று நினைத்தபோது வாயில் புளித்த எச்சில் ஊறியது.

பொத்தானையே பிடுங்கி எறிந்தாள். அதன் கீழிருந்த படங்களை ஒன்று விடாமல் அழித்தாள். மூன்று பொத்தான்களோடு பெட்டி அழகாகத் திறந்து மூடியது. சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சார், நாலாவது பொத்தான எடுத்துட்டன். படமும் இல்ல. நாளையிலேர்ந்து நான் வரல."

ராஜாமணி வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போடவில்லை. "போமா. வேற ஆளா கெடைக்காது?" என்றார். கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

மதிய பஸ்ஸில் ஊருக்கு வந்து நேராக அம்சவள்ளி வீட்டுக்குத்தான் போனாள். விஜயகுமாரி எழுந்து உட்கார்ந்தாள்.

"எடுத்தாச்சி. இனிமே அங்க யாரும் பாக்க முடியாது."

"இதுவரைக்கும் யார் யார்லாம் பாத்தாங்கக்கா? நம்ம தெருவுல?"

"நேத்தி பந்தல்ல தெரியாம தொறந்ததுதான். மத்தபடி நம்ம தெருவுல யாருடி பாக்கப் போறா? எல்லாம் நம்மள தெரியாத வெளியூர்க்காரங்க."

அந்தப் பெண் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவி, கொடியில் கிடந்த பள்ளிக்கூடத்துச் சீருடையை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் விஜயராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் நெத்திலிக் குழம்பு. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியை இடது கைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? ஏன்டி, நீ வெச்ச அந்த கடைசி பொத்தான காணோம்? கெட்டு போச்சா?"

சுகன்யா பையிலிருந்து சோற்று டப்பாவை எடுத்து வைத்தாள்.

"சோறு துண்ணும்போது தெனம் அதத்தான் பாப்பன். இன்னிக்கி பொழுதே போவல." விஜயராணி ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளித் தட்டோரம் வைத்துவிட்டு விரலைச் சப்பினாள். "பக்கிரிக்குக் கீழ ஏரியில ஒரு பெரியவர் கெடந்தாரே, அவரு யாரு எவருன்னு தெரிஞ்சிதா?"

பக்கத்து வீட்டில் துணி கல்லில் அறையும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் அங்கே போய்விடக் கூடாது என்று சுகன்யா ஓடிப்போய்த் தோட்டத்துக் கதவைச் சாத்தினாள்.