கேதார்நாத்துக்கு ஒத்திகை

தீனதயாளன் கேதார்நாத் போகப்போகிறார் என்பது கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கே தெரிந்துவிட்டது. பயண ஏற்பாட்டாளரிடம் அவர் இன்னும் பெயர்கூடக் கொடுக்கவில்லை; அதற்குள் கூட்டாளிகள் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ‘இமயம் ஏறும் இமயமே!’ அதில் பனிமலைக்குப் பக்கத்தில், மலையைவிட ஒரு சுற்று பெரிதாக, கும்பிட்டபடி நின்றார்.

மனைவி அம்சவள்ளி தானும் வரட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நாள் முழுக்க ஏற்றம், அந்த உயரத்தில் காற்றே கம்மி, பொம்பளைக்கு மூச்சு வாங்கும் என்று கைப்பேசியைப் பார்த்து வாசித்துக் காட்டினார். அவள் மறுபடி கேட்கவில்லை. பெயர் கொடுக்கச் சனிக்கிழமை கடைசி நாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கல்வராயன் மலையில் ஒத்திகை. புது ஷூ, மடக்குக் குச்சி, ஆவணி வெயிலில் கம்பளிக் குல்லா. புளிச்சோறும் நாலு பாட்டில் தண்ணீரும் இருந்த பையைத் தூக்க ஆள் வேண்டுமே என்று அம்சவள்ளியையும் கூட்டிப்போனார். அவள் ரப்பர் செருப்போடு முன்னால் ஏறினாள்.

மூன்றாவது திருப்பத்தில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். இயற்கையை ரசிப்பதாகச் சொன்னார். கண் மூடியிருந்தது.

தலையில் சாமை மூட்டையோடு இறங்கிவந்த மலைக்காரப் பெண் ஒருத்தி நின்று விசாரித்தாள். இமயமலைக்குப் போகப் பழகுகிறோம் என்றாள் அம்சவள்ளி.

“அங்க இன்னா வேலைங்க?”

இதற்கு டீக்கடையில் அரைமணி நேரம் பதில் சொல்லக்கூடியவர் தீனதயாளன். மூச்சு இருந்தால்தானே தத்துவம் வரும். அம்சவள்ளிதான் சொன்னாள்:

“வேல ஒண்ணும் இல்ல. பனிய ஒரு தபா கையில எடுத்துப் பாக்கணும். அவ்ளோதான்.”

அதற்கென்றால் போகலாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் இறங்கிப்போனாள்.

தீனதயாளன் குல்லாவைக் கழற்றினார். தான் எதற்குப் போகிறோம் என்று யோசித்துப் பார்த்தார். போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை. கைப்பேசியை எடுத்து, ஏற்பாட்டாளரிடம் இரண்டு பேர் என்றார்.

“மூச்சு வாங்கும்னீங்க?”

“வாங்குது. எனுக்குத்தான்.”

பிறகு, ஃபிளெக்ஸில் அவள் படத்தையும் சேர்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். பெருந்தன்மை அவருக்கு அப்படித்தான் வரும்.

“படம் கெடக்கட்டும்.” அம்சவள்ளி தோளிலிருந்த பையை இறக்கி அவர் மடியில் வைத்தாள். “மொதல்ல இத்தத் தூக்கிக்கினு வாங்க.”